பந்து ஏன் வளைகிறது?
கடலூரில் உயிர்விட்ட அறிஞர் கண்ட உண்மை

செஞ்சிக் கோட்டை அடிவாரம். பந்து விளையாடும் பையன் ஒருவன் ஓங்கி அடிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். பந்து நேராகத்தான் புறப்படுகிறது. பாதி வழியில் வளைந்து வேறு பக்கம் போய்விடுகிறது.

"நேராகத்தானே அடித்தேன்!" என்கிறான் பையன்.

அவன் சொல்வது பொய் அல்ல. பந்து சுழன்றது. அதனால் வளைந்தது!

இந்த உண்மையைக் கண்டு சொன்னவர் யார் தெரியுமா? பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர். 1707ல் பிறந்தவர். கணக்கிலும் பீரங்கிக் கலையிலும் மேதை.

குண்டும் வளைந்தது

அந்தக் காலத்துத் துப்பாக்கிக்குள் உருண்டையான ஈயக் குண்டு போடுவார்கள். குழலில் உரசிக்கொண்டு வெளியே வரும் குண்டு, குறியை விட்டு விலகி ஓடும். காற்றுதான் காரணம் என்றனர் சிலர். சுடுபவனின் கைதான் காரணம் என்றனர் வேறு சிலர்.

ராபின்ஸ் ஒரு சோதனை செய்தார். துப்பாக்கிக் குழலின் வாயை இடது பக்கம் வளைத்தார். குண்டு எந்தப் பக்கம் போகும்? இடது பக்கம்தானே? முதலில் இடது பக்கம்தான் போனது. பிறகு வளைந்து வலது பக்கம் போய்விட்டது!

குழலின் வலது சுவரில் உரசியதால் குண்டு சுழன்றது. அந்தச் சுழற்சியே அதைத் திருப்பியது.

விதி மிகச் சுலபம். பந்தின் முன்முகம் எந்தப் பக்கம் திரும்புகிறதோ, அந்தப் பக்கமே பந்து வளையும்.

நடுவில் படாவிட்டால்?

கோல்ப் ஆட்டத்தில் இதைத் தெளிவாகக் காணலாம். நீண்ட தூரம் அடிக்கும் மட்டைக்கு 'டிரைவர்' என்று பெயர். மட்டையின் தலை பந்தைத் தொடுவது, ஒரு நொடியில் 2,000ல் 1 பங்கு நேரம்தான். அதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது!

பந்து நடுவில் படாமல் மட்டையின் நுனியில் பட்டால், மட்டையின் தலை திருகிக்கொள்ளும். அப்போது பந்து எதிர்ப்பக்கம் சுழலும். கரும்பு பிழியும் எந்திரத்தைப் பாருங்கள். ஓர் உருளை ஒரு பக்கம் சுற்றினால், அடுத்த உருளை எதிர்ப்பக்கம் சுற்றும். அதே கதைதான் இங்கும்.

வலது கைக்காரர் நுனியில் அடித்தால் பந்து இடது பக்கம் வளையும். காம்பு ஓரத்தில் பட்டால் வலது பக்கம் வளையும். மட்டையின் மேல்பகுதியில் பட்டால், பந்தின் பின்சுழற்சி குறையும். கீழே பட்டால் பின்சுழற்சி கூடும். பந்து தூரம் போகாமல் விழும்.

இதற்காகவே மட்டையின் முகத்தைச் சற்றுப் புடைப்பாகச் செய்கிறார்கள். நுனியில் பட்ட பந்து முதலில் வலது பக்கம் போகும். பிறகு வளைந்து நடுவுக்கே திரும்பி வரும்!

கடலூரில் முடிந்த வாழ்வு

1750 செப்டம்பரில் புஸ்ஸி என்ற பிரெஞ்சுத் தளபதி ஒரே இரவில் செஞ்சிக் கோட்டையைப் பிடித்தார். ராபின்சும் அதே ஆண்டில்தான் இந்தியா வந்தார். கம்பெனியின் கோட்டைகளைப் பலப்படுத்துவது அவர் வேலை. பிரெஞ்சுக்காரர் கை ஓங்கிய நேரம் அது.

ஆனால் காய்ச்சல் அவரை விடவில்லை. 1751 ஜூலையில், கடலூர் தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டையில் உயிர் நீத்தார். வயது 44தான்.

அவர் சொன்னதை ஆய்லர் என்ற பெரிய கணித மேதையே ஏற்கவில்லை. நூறு ஆண்டுகள் கழித்து, 1852ல், மாக்னஸ் என்ற ஜெர்மானியர் மீண்டும் சோதனை செய்து காட்டினார். பெயரும் அவருக்கே போயிற்று. 'மாக்னஸ் விளைவு' என்றே இன்றும் பாடப் புத்தகங்கள் சொல்கின்றன.

அடுத்த முறை உங்கள் பிள்ளையின் பந்து வளைந்து போனால் கோபிக்காதீர்கள். அது எந்தப் பக்கம் சுழன்றது என்று கேளுங்கள். கடலூரில் மறைந்த ராபின்சின் பெயரையும் பிள்ளைக்குச் சொல்லுங்கள்.