சிறுநீர்த் தொல்லையும் விறைப்புக் குறைபாடும்: சேர்த்தே சொல்ல வேண்டிய இரு குறைகள்

ஐம்பதைக் கடந்த ஆண்கள் இரவில் மூன்று நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுவதை வயதின் கோளாறு என்று பொறுத்துக்கொள்வதும், தாம்பத்தியத்தில் விறைப்புக் குறைவதை வெளியில் சொல்லக் கூசி, பேருந்து நிலையச் சுவரொட்டியில் கண்ட லாட்ஜ் வைத்தியரிடம் பணத்தைக் கொட்டுவதும் ஓயாமல் நடந்துவருகின்றன. இவ்விரு குறைகளும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதால், ஒன்றை மட்டும் சொல்லி மற்றதை மறைப்பவருக்குக் கிடைப்பது அரைகுறைச் சிகிச்சையே.

சிறுநீர்ப்பையின் அடியில் சிறுநீர்க் குழாயைச் சூழ்ந்துள்ள புராஸ்டேட் சுரப்பி வயதேற வயதேறப் பருத்து வழியை நெருக்குவதால், நீர் முக்கி முக்கிப் பிரிவதும், அடிக்கடி வருவதும், முழுதும் வெளியேறாமல் தங்குவதும் நேர்கின்றன. அமெரிக்காவிலும் ஆறு ஐரோப்பிய நாடுகளிலும் 50 முதல் 80 வயது வரையிலான ஆண்களிடம் நடத்தப்பட்டு 2003இல் வெளியான ஆய்வு, இத்தொல்லை முற்ற முற்ற விறைப்புக் குறைபாடும் மிகுவதையும், வயது, சர்க்கரை நோய், இதய நோய் ஆகியவற்றைக் கழித்துப் பார்த்தாலும் அத்தொடர்பு நிலைப்பதையும் காட்டியது. விறைப்புக் குறைபாடு இதய நோயின் முன்னறிவிப்பாகவும் அமையக்கூடும்.

புராஸ்டேட் பருத்தலுக்குத் தரப்படும் மருந்துகளே பாலியல் செயல்பாட்டை மாற்றக்கூடியவை. டாம்சுலோசின் விந்து வெளிப்படுவதைக் குறைக்கலாம். ஃபினஸ்டரைடு, டூட்டாஸ்டரைடு ஆகியவை விருப்பத்தையும் விறைப்பையும் தளர்த்தலாம் என்பதோடு, புராஸ்டேட் புற்றுநோயைக் கண்டறிய உதவும் பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனையின் அளவை ஏறத்தாழப் பாதியாக்கியும் காட்டுகின்றன. அடைப்பை அகற்றும் டி.யு.ஆர்.பி. அறுவைக்குப் பின் பெரும்பாலோருக்கு விந்து வெளிவராமல் சிறுநீர்ப்பைக்குள் திரும்பிவிடும். இதை ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குமுன் எடுத்துச் சொல்வது மருத்துவரின் கடமையாயிருக்க, இரண்டு நிமிடத்தில் சீட்டெழுதி அனுப்பும் வழக்கம் மன்னிக்கத்தக்கதன்று.

ஆகவே நோயாளி எழுதிய குறிப்புடன் செல்வதே வழி. மூன்று நாள்களுக்கு, அளவுக் குவளை கொண்டு, "இரவு 1.40 – 120 மி.லி." என்பதுபோல் சிறுநீர் கழித்த நேரமும் அளவும் குறிக்க வேண்டும், ஏழு வினாக்கள் கொண்ட பன்னாட்டுப் புராஸ்டேட் மதிப்பெண் படிவத்தை (8 முதல் 19 வரை நடுத்தரம், 20 முதல் கடுமை) மருத்துவமனையில் கேட்டு நிரப்ப வேண்டும், சளி மாத்திரை உட்பட உண்ணும் எல்லா மருந்துகளின் அட்டைகளையும் எடுத்துச் செல்ல வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் யூராலஜி புறநோயாளிப் பிரிவில், உடன் வந்தவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு இரு குறைகளையும் கூறி, சர்க்கரை, கிரியாட்டினின், சிறுநீர், பி.எஸ்.ஏ. பரிசோதனைகளும், நீர் கழித்தபின் தங்கும் அளவைக் காட்டும் ஸ்கேனும் தேவையா என்று கேட்க வேண்டும். சிகிச்சை ஆவணங்களை, கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நன்னடத்தை விதி.

பாலின்ப ஆற்றலைப் பெருக்குவதாக மருந்து விளம்பரம் செய்வது, 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய மருத்துவம் (ஆட்சேபத்துக்குரிய விளம்பரங்கள்) சட்டப்படி குற்றம். முதல் தண்டனையே ஆறு மாதம் வரை சிறையாகலாம். சுவரொட்டிகள் அகற்றப்படாமலே இருப்பது அதிகாரிகளின் அசட்டை. ஏமாந்தவர் இரசீது, மருந்துப் புட்டி, விளம்பரப் படம் ஆகியவற்றுடன் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் மாவட்ட அலுவலகத்தில் எழுத்துமூலம் புகார் அளித்து ஒப்புகை பெறலாம். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரையெனில் அங்கே கட்டணமில்லை. இரசீது தர மறுக்கும் வைத்தியரிடம் மருந்து வாங்கவே கூடாது.

நெஞ்சுவலிக்கு நாவின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை பயன்படுத்துவோர் விறைப்புக்கான சில்டெனாஃபில், தடாலஃபில் மருந்துகளைத் தொடவே கூடாது. இரத்த அழுத்தம் சரிந்து உயிர் போகலாம். "மூலிகை" என்று விற்கப்படும் பொடிகளிலும் சில்டெனாஃபில் இரகசியமாகக் கலக்கப்பட்டது கண்டுபிடிக்கப்பட்டுள்ளதால், எச்சரிக்கை அவற்றுக்கும் பொருந்தும். சிறுநீரில் இரத்தம் கண்டால் அது வலியில்லாமல் நின்றுபோனாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். நீர் அடியோடு அடைத்துக்கொண்டால் விடியட்டும் என்று காத்திராமல், அந்த நேரமே அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.