சித்தாள் கையில் ரெஞ்சு

காவிரித் தண்ணீர் எந்தக் கிழமை வரும், எத்தனை மணிக்கு வரும், வந்தால் எவ்வளவு நேரம் நிற்கும் என்ற கணக்கைச் சேலம், நாமக்கல் சீமையில் எந்த வீட்டில் கேட்டாலும் தடங்கலின்றிச் சொல்லக்கூடியவள் அந்த வீட்டுப் பெண்ணேயன்றி வேறு ஒருவருமில்லை. நல்ல தண்ணீருக்கு ஒரு குழாய், ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீருக்கு மற்றொரு குழாய், தரைக்கடியில் ஒரு தொட்டி, மொட்டை மாடியில் ஒரு தொட்டி, கீழிருந்து மேலே ஏற்ற ஒரு மோட்டார், இவற்றுக்கிடையே திறக்கவும் அடைக்கவும் இரண்டு மூன்று வால்வுகள் என்று ஒரு சிறிய நீர்ப்பாசன இலாகாவையே தன் பொறுப்பில் வைத்து நடத்துகிற அவள், அந்தக் குழாய்களில் ஒன்று ஒழுகத் தொடங்கிய மாத்திரத்தில் எப்படியோ தன் வீட்டிலேயே அந்நியளாகிவிடுகிறாள். செய்தி போய்ப் பிளம்பர் வருகிறார், வாசற்படியில் நின்றபடியே, "வீட்டுக்காரர் இல்லீங்களா?" என்று கேட்கிறார். எந்த வால்வை மூடினால் எந்தக் குழாய் நிற்கும் என்பது வீட்டுக்காரருக்குத் தெரியாது. ஆயினும் விசாரணை அவரிடந்தான் நடக்கும்.

இந்த வழக்கத்துக்குக் காரணம் கேட்டால், அது பலமுள்ளவன் செய்கிற வேலை என்ற பதில் உடனே வரும். ஒரு காலத்தில் அந்தப் பதிலில் ஓரளவு நியாயம் இருந்ததை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பிளம்பர் என்ற பெயரே ஈயத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. ரோமாபுரியில் ஜலம் ஈயக் குழாய்களில் ஓடியது. நம் ஊர்களிலோ வெகு காலம் வரை இரும்புக் குழாயின் ராஜ்யமே நடந்தது. இரண்டு அங்குல இரும்புக் குழாய் ஒன்று, ஆறு மீட்டர் நீளத்தில், ஏறக்குறைய 30 கிலோ எடை இருக்கும். அதை வைஸில் பொருத்தி, டை கொண்டு மரை வெட்டி, சணல் சுற்றி, பெரிய ரெஞ்சினால் முறுக்கி இறுக்கப் புஜபலம் வேண்டியிருந்தது. இன்று வீடுகளில் ஓடுபவை பெரும்பாலும் பிவிசி, சிபிவிசி குழாய்கள். அதே அளவுள்ள பிளாஸ்டிக் குழாய் இரும்பில் கால் பங்கு எடைகூட இராது. ஹேக்ஸா பிளேடால் நேராக அறுத்து, பிசிறு நீக்கி, பசை தடவி, எல்போவிலோ டீயிலோ செருகிச் சில விநாடிகள் அசையாமல் பிடித்திருந்தால் இணைப்பு முடிந்தது. இப்போது வேண்டியது அளவு தவறாத கண்ணும், பத்து மீட்டர் உயரத்திலுள்ள தண்ணீர் ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்தில் ஒரு கிலோ எடையோடு அழுத்தும் என்பது போன்ற சில கணக்குகளைப் பற்றிய தெளிவுந்தான். பலத்தைப் பற்றிய வாதம் இரும்போடு கழிந்திருக்க வேண்டும், கழியவில்லை.

அந்த வாதத்தை முற்றிலும் பொய்யாக்கும் சாட்சி நம் கண்ணெதிரிலேயே இருக்கிறது. கட்டட வேலை நடக்கும் எந்த இடத்திலும் போய்ப் பாருங்கள். செங்கல்லும் கலவையும் ஜல்லியும் சாரத்தின்மேல் ஏறுவது பெண்களின் தலையில்தான். அவளுக்குச் சித்தாள் என்று பெயர். சிறிய ஆள் என்பதே அந்தச் சொல்லின் பொருள். பதினெட்டு வயதில் கையாளாக வருகிற பையன் நாலைந்து வருஷத்தில் கரண்டி பிடித்துக் கொத்தனாராகிறான், பிறகு மேஸ்திரியாகிறான்; அவனுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்த பெண்ணோ, பேரன் பேத்தி எடுத்த பிறகும் சித்தாளாகவே கூலி வாங்குகிறாள். ஆகவே அவளுக்கு மறுக்கப்பட்டது பாரமன்று, பாரத்தைக் குறைக்கும் வித்தை. கூலி ஏறுவதற்குக் காரணமான கருவி அவள் கையில் தரப்படவில்லை. திருச்செங்கோட்டு ரிக் லாரிகள் பாரத தேசமெங்கும் சென்று பாறையைத் துளைத்து நீரெடுக்கின்றன; மலைமேல் அம்மையும் அப்பனும் ஒரே மேனியாய் நிற்கும் அந்த ஊரிலிருந்து புறப்படும் லாரிகளில் ஏறிச் செல்பவர்கள் ஆண்கள்தாம் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

கருவி பெண் கைக்கு மாறினால் என்ன நடக்கும் என்பதை ஊகித்துச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. நடந்த சரித்திரமே இருக்கிறது. அதன் தொடக்கம் நமக்குப் பக்கத்திலேயே உள்ளது. கிராமங்களில் நாம் அடிபம்பு என்று சொல்லும் கைப்பம்புகளுள் உலகெங்கும் பரவிய 'இந்தியா மார்க் 2' என்ற வகை, யூனிசெஃப் உதவியுடன் 1970களில் உருவாகி, கோயம்புத்தூர் வட்டாரத்தில் சோதிக்கப்பட்டு, சென்னையில் தயாரிக்கப்பட்டது. உறுதியான பம்புதான், ஆனால் ஆழத்திலுள்ள சிலிண்டரில் வாஷர் தேய்ந்துபோனால் குழாய்கள் முழுவதையும் ஒவ்வொன்றாக மேலே தூக்கியெடுக்க வேண்டும். அதற்கென்று ஆட்களும் வண்டியும் நகரத்திலிருந்து வரும்வரையில் பம்பு சும்மா நிற்கும். பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு பழைய கிணற்றுக்கே நடப்பார்கள்.

1990களின் தொடக்கத்தில் உத்தரப் பிரதேசத்துப் பாந்தா ஜில்லாவில், 'மகிளா சமாக்யா' என்ற பெண்கல்வித் திட்டத்தின் கீழ், அந்தப் பெண்களையே பம்பு மெக்கானிக்குகளாகப் பயிற்றுவிக்கலாம் என்று ஒரு முயற்சி எடுத்தார்கள். முன்வந்தவர்களில் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். தீண்டாமையின் கொடுமையைத் தண்ணீர்த் துறையிலேயே அனுபவித்த தலித் பெண்கள் பலர். அவர்கள் ஸ்பானர் பிடித்தார்கள், சங்கிலியை இறுக்கினார்கள், குழாய்களைத் தூக்கினார்கள், பம்புகளை ஓட வைத்தார்கள். ஆனால் விசேஷம் அதன் பிறகுதான். எந்தப் பம்பில் என்ன கோளாறு, என்ன சாமான் மாற்றியது என்று குறித்து வைக்க வேண்டிய அவசியம் நேர்ந்தபோது, அவர்கள் தாமாகவே எழுத்துக் கற்க வேண்டுமென்று கேட்டார்கள். கற்ற எழுத்தைக் கொண்டு 'மகிளா டாகியா' என்ற கையெழுத்துச் செய்தித்தாளை நடத்தினார்கள். அதே மண்ணிலிருந்து 2002இல் பெண்களே நடத்தும் 'கபர் லஹரியா' என்ற பத்திரிகை எழுந்தது. எழுத்துக் கற்றவர்களுக்கே தொழில் கைகூடும் என்று நாம் நினைத்திருக்க, ஒரு ஸ்பானர் எழுத்துக்கு வழிகாட்டிய கதை அது.

அயல்நாடுகளிலும் இதற்கு ஒப்பான அனுபவங்கள் உண்டு. ஜோர்தான் தேசத்தில் குழாய்த் தண்ணீர் பல இடங்களில் வாரத்துக்கு ஒரு முறைதான் வரும். மொட்டை மாடித் தொட்டியில் பிடித்து வைத்துக்கொண்டு மிச்ச நாட்களைக் கழிக்க வேண்டும். அங்கே ஆண் துணையில்லாத வேளையில் அந்நிய ஆடவரை வீட்டுக்குள் விடுவது மரபன்று. ஆதலால் காலையில் ஒழுகத் தொடங்கிய குழாய், கணவன் வேலையிலிருந்து திரும்பும்வரை ஒழுகிக்கொண்டே இருந்தது. விநாடிக்கு ஒரு துளி வீதம் ஒழுகினாலும் நாளொன்றுக்கு 86,400 துளி என்பதை எண்ணிப் பார்த்தால், ஒரு சம்பிரதாயத்தின் விலை எத்தனை தண்ணீர் என்பது விளங்கும். ஜெர்மானிய உதவித் திட்டமொன்றின் கீழ்ப் பெண்களுக்குப் பிளம்பிங் பயிற்சி அளிக்கப்பட்டபோது, எந்த மரபு பெண்ணை வீட்டுக்குள் நிறுத்தியதோ அதே மரபு பெண் பிளம்பருக்கு வீட்டுக் கதவைத் திறந்துவிட்டது. இர்பித் நகரத்துப் பெண்கள் கூட்டுறவுச் சங்கமாகவே சேர்ந்து இத்தொழிலை நடத்தினார்கள்.

அமெரிக்காவில் லில்லியன் பாம்பாக் என்ற பெண்மணி, பிளம்பரான தம் தந்தையிடமே வேலை கற்று, 1951இல் அந்நாட்டின் முதல் பெண் மாஸ்டர் பிளம்பர் ஆனார். இங்கிலாந்தில் ஹேட்டி ஹாசன் என்பவருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. ஆசிரியையாக இருந்து பிளம்பிங் கற்றுத் தேர்ந்த அவருக்கு வேலை கொடுக்க நிறுவனங்கள் முன்வராதபோது, 1990இல் தாமே தொழில் தொடங்கினார். பிற்காலத்தில் அது பெண் பிளம்பர்களை ஒன்றுசேர்க்கும் 'ஸ்டாப்காக்ஸ்' என்ற அமைப்பாக வளர்ந்தது. நமக்கு இவ்விருவரில் இரண்டாமவரின் வழியே அதிகம் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது. தகப்பன் தொழில் மகனுக்கே போகும் நம் சமூகத்தில், பயிற்சி பெற்ற பெண்ணை எந்த மேஸ்திரியாவது தன்னோடு அழைத்துச் சென்றாலும், குழாயை எடுத்துக் கொடுக்கும் புதிய சித்தாளாகவே அவளை நடத்துவான் என்ற சந்தேகம் வீணானதன்று. வேலை கற்பது பாதி வழி. விலை பேசுகிற அதிகாரம் தன்னிடம் வருவதே மீதிப் பாதி.

அந்த மீதிப் பாதியைக் கடக்க நம் சீமையில் சாதனங்கள் இல்லாமலில்லை. தமிழ்நாட்டின் மகளிர் சுய உதவிக் குழு இயக்கத்துக்கு வித்து ஊன்றப்பட்டது, 1965 வரை சேலத்தோடு ஒன்றாயிருந்த தருமபுரி ஜில்லாவில், 1989ஆம் வருஷத்தில். அடுத்த சில ஆண்டுகளில் அது சேலத்துக்கும் பரவியது. அந்தக் குழுக்கடன் இன்றுவரை கறவை மாட்டுக்கும் தையல் மிஷினுக்கும் இட்லிக் கடைக்கும் போய்க்கொண்டிருக்கிறது. ரெஞ்சு, ஹேக்ஸா, மட்டக்கோல், துளையிடும் மிஷின் கொண்ட ஒரு பிளம்பர் பைக்கு, ஒரு கறவை மாட்டின் விலைகூட ஆகாது. அதற்குத் தீவனமும் வேண்டாம். அண்டை மாநிலமாகிய கேரளத்தில் 2018ஆம் வருஷத்து வெள்ளத்துக்குப் பிறகு, குடும்பஸ்ரீ பெண்கள் பிளம்பிங்கும் மின்வேலையும் கற்றுக் குழுக்களாக இறங்கியதை நாம் அறிவோம்.

வேலைக்கும் குறைவில்லை. 2019 ஆகஸ்டில் ஜல் ஜீவன் திட்டம் தொடங்கியபோது தமிழ்நாட்டில் இருந்த சுமார் 1.25 கோடி கிராமக் குடும்பங்களில் வீட்டுக்குள் குழாய் இணைப்புப் பெற்றிருந்தவை 22 லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. பிறகு சில ஆண்டுகளுக்குள் கோடிக்குமேல் ஏறிவிட்டது. இணைப்புக் கொடுப்பது ஒரு நாள் காரியம். அதைப் பழுதின்றி வைத்திருப்பது வருஷக்கணக்கான காரியம். சேர்வராயன் அடிவாரத்து மாக்னசைட் பூமியை உடைய நம் பக்கத்தில், உப்புத் தண்ணீர் குழாய்க்குள் வெள்ளையாகப் படிந்து, ஷவரின் கண்களை அடைத்து, வாஷரை அரித்து, பிளம்பருக்கு ஓயாத வேலை கொடுத்துக்கொண்டே இருக்கும்.

இத்தொழிலைப் பற்றி நினைக்கிற பெண் முதலில் முறையாகக் கற்க வேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்களில் பிளம்பர் பிரிவு ஓராண்டுப் படிப்பு. சேலத்தில் மகளிருக்கென்றே அரசினர் தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றும் உண்டு. பிறகு பணம். முத்ரா கடனில் முதற்படியாகிய 'சிசு' பிரிவில் 50,000 ரூபாய் வரை ஈடின்றிப் பெறலாம். சாமான் கடையும் சேர்த்து வைப்பதானால், பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரையிலான திட்டத்தில், பெண்கள் தம் பங்காக நூற்றுக்கு ஐந்து போட்டால், நகரமாயின் நூற்றுக்கு 25, கிராமமாயின் 35 மானியம் உண்டு. மூன்றாவதாக, கூச்சமின்றிக் கணக்கெழுதும் பழக்கம் வேண்டும். சாமான் விலை இவ்வளவு, கூலி இவ்வளவு என்று வேலைக்கு முன்பே தாளில் எழுதிக் கொடுக்கிறவளிடம் பேரம் குறையும். பணம் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்ற பெருந்தன்மை அவளுக்கு ஆகாது.

தொல்லைகளும் உண்டு. இரவு வேளையில் அழைப்பு வரும். முன்பின் தெரியாத வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும். இருவராகச் சேர்ந்து தொழில் செய்வது இதற்கு நல்ல பரிகாரம். ஏணி பிடிக்கவும் ஓர் ஆள் ஆயிற்று. குழாய் வேலை தெரியுமல்லவா என்று சொல்லிச் செப்டிக் டேங்குக்குள் இறங்கச் சொல்பவர்களும் இருப்பார்கள். பாதுகாப்புச் சாதனங்களின்றி மனிதரை அவ்வாறு இறக்குவது 2013ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம் என்பதை அவள் அறிந்திருப்பதோடு, அறிந்திருப்பதை உரக்கச் சொல்லவும் வேண்டும். தண்ணீரைத் தொடுகிற தொழிலில் ஜாதியின் நிழல் எந்த மூலையிலிருந்து விழும் என்பது நம் ஜனங்களுக்குத் தெரியாததல்ல.

இவையெல்லாம் கைகூடி, ராசிபுரத்திலோ ஆத்தூரிலோ ஒரு சின்னக் கடையின் பலகையில் ஒரு பெண்ணின் பெயரும் டெலிபோன் எண்ணும் எழுதப்பட்டிருக்கும் நாளை நினைத்துப் பார்க்கிறேன். அழைக்கிறவர் பெண் குரலைக் கேட்டுத் தயங்கி, "பிளம்பர் இருக்காருங்களா?" என்பார். "பிளம்பர்தானுங்க பேசறேன், எந்தக் குழாய் ஒழுகுது?" என்று மறுமொழி வரும். அரை மணி நேரத்தில் மொபெட்டில் பையோடு வந்து இறங்குகிறவள், வீட்டுக்காரர் இருக்கிறாரா என்று கேட்க மாட்டாள். "நல்ல தண்ணி வால்வு எங்கீங்க அக்கா?" என்பாள். அந்தக் கேள்விக்கு விடை தெரிந்தவள் எதிரிலேயே நிற்கிறாள்.