மூட்டைக் கணக்கும் வண்டிக் கணக்கும்

சென்ற கோடை விடுமுறையில் என் தந்தையார் மார்பைப் பிடித்துக்கொண்டு திண்ணையிலே சாய்ந்தார். அகவை 51. ஒல்லியான உடல், தொந்தி மட்டும் சிறிது உண்டு. புகை பிடித்தறியார். ஆறு திங்களுக்கு முன்புதான், "கெட்ட கொலஸ்டிரால் அளவோடு இருக்கிறது" என்று சோதனைச் சீட்டும் பெற்றிருந்தார். நல்ல வேளை, பிழைத்துக்கொண்டார். ஆனால், அந்தச் சீட்டு பொய் சொல்லிற்றா என்ற ஐயம் என்னை விடவில்லை. இயற்பியல் படிக்கும் நான் மருத்துவ இதழ்களைப் புரட்டத் தொடங்கியது அப்படித்தான்.

சீட்டு பொய் சொல்லவில்லை. பாதியைச் சொல்லாமல் விட்டது.

கொலஸ்டிரால் குருதியில் கரையாது. புரதம் போர்த்திய நுண்ணுருண்டைகளில் ஏறித்தான் பயணம் செய்யும். அவற்றுள் எல்.டி.எல். என்பது சுமார் 20 நானோமீட்டர் குறுக்களவு உடையது. நூறு மூட்டை நெல்லைப் பத்துப் பெரிய வண்டிகளிலும் ஏற்றலாம். இருபது சிறிய வண்டிகளிலும் ஏற்றலாம் அல்லவா? வழக்கமான சோதனை மூட்டையை எண்ணுகிறது. குழாய்ச் சுவருக்குள் புகுந்து தங்கி அடைப்பை வளர்ப்பதோ வண்டி.

சிறிய எல்.டி.எல். மிகுந்தோர்க்கு மாரடைப்பு ஏறத்தாழ மும்மடங்கு என்று 1988-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் கண்டனர். வயிற்றுக் கொழுப்பு மிகுந்து, டிரைகிளிசரைடு ஏறி, எச்.டி.எல். இறங்கினால் வண்டிகள் சிறுத்துவிடும். இந்தியரிடம் பெரிதும் காணப்படுவது இந்த அமைப்புத்தான். 52 நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வின்படி, முதல் மாரடைப்பு தெற்காசியர்க்குச் சராசரியாக 53 வயதில் வருகிறது. பிறர்க்கு ஏறக்குறைய 59-இல். ஆகவே வண்டி சிறுத்ததுதான் நம் இனத்தின் குறை என்று நானும் முடிவு கட்டிவிட்டேன்.

அவசரப்பட்டேன். அமெரிக்கக் கறுப்பர்களுக்குப் பொதுவாக டிரைகிளிசரைடு குறைவு, எல்.டி.எல். பெரிது, ஆனாலும் இதயநோய் அவர்களை விட்டுவைக்கவில்லை. பரம்பரையாகக் கொலஸ்டிரால் மிகும் குடும்பங்களிலும் பெரிய உருண்டைகளே. அங்கே இளமையிலேயே மாரடைப்பு! வெள்ளையர், கறுப்பர், சீன வழியினர், ஹிஸ்பானியர் ஆகிய நால்வகையினரை ஆராய்ந்த 'மெசா' ஆய்வின் 2007-ஆம் ஆண்டுக் கட்டுரை, சிறியவை பெரியவை இரண்டுமே கழுத்துக் குழாயின் சுவர்த் தடிப்போடு தொடர்புடையவை என்றது. (அந்த நால்வரில் நாம் இல்லை. தெற்காசியர்க்கென்று 'மசாலா' என்ற பெயரிலேயே ஓர் ஆய்வு 2010-இல் அங்கே தொடங்கியது!)

ஆகவே கேள்வி வண்டியின் உருவமன்று, எண்ணிக்கை. வண்டி சிறுத்தால், அதே மூட்டைக்கு வண்டிகள் பெருகும். நம்மவர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். எண்ணுவதற்கும் வழி உண்டு: ஒவ்வோர் எல்.டி.எல். உருண்டையிலும் அப்போ-பி என்னும் புரதம் ஒன்றே ஒன்று இருக்கும், வண்டிக்கொரு வண்டிக்காரன் போல. அதை அளந்தால் போதும்.

மருத்துவமனையில் தந்தையாருக்கு அதையும் அளந்தார்கள். வண்டிக்காரர்கள் அளவுக்கு மீறி இருந்தார்கள். இப்போது மாத்திரை உண்கிறார், மாலையில் நடக்கிறார். சர்க்கரை டப்பாவை அம்மா எங்கே ஒளித்தார் என்பது எங்களுக்கே தெரியாது. எனக்கு வயது 22. தொந்தி இப்போதே எட்டிப் பார்க்கிறது. அடுத்த திங்கள் சோதனைக்குப் போகிறேன்; விடுதி நண்பர் இருவரும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.