தாக்குதலை நிறுத்தும் கலங்கள்

ருமட்டாய்டு மூட்டுவாதம் வந்தவருக்கு விடிந்ததும் விரல் மடங்காது. வெந்நீரில் கையை வைத்து உருவி உருவி விட்டால்தான் மூட்டு கொஞ்சம் இளகும். ஹந்தானைப் பக்கம் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு இது வந்தால் பறிக்கும் நிறை குறையும். நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான்.

கிருமிகளை அழிக்க வேண்டிய நிர்ப்பீடனக் கலங்கள் சொந்த மூட்டையே தாக்குவதால் வரும் நோய் இது. லூபஸும் முதலாம் வகை நீரிழிவும் இதே குடும்பம். நமது கிளினிக்குகளில் தரும் பிரெட்னிசலோன், மெத்தோட்ரெக்சேட் போன்றவை நிர்ப்பீடனத்தைப் பொதுவாகவே தணிப்பவை. வீக்கம் வற்றும், கூடவே தொற்றுகளுக்கும் வழி திறக்கும்.

தாக்குதலை நிறுத்தும் கலங்களும் உடலிலேயே இருக்கின்றன. ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி 1995இல் அதைக் காட்டினார். தைமஸ் சுரப்பி இல்லாத எலிகளுக்கு டி கலங்கள் என்ற நிர்ப்பீடனக் கலங்களைச் செலுத்தியபோது, சிடி25 என்ற புரதத்தைத் தாங்கிய சிறு பிரிவை மட்டும் நீக்கிவிட்டார். தைரொயிட், இரைப்பை, மூட்டு என்று பல இடங்களில் அழற்சி கண்டது. நீக்கிய கலங்களையும் சேர்த்துக் கொடுத்த எலிகள் தப்பின. எவ்வளவு தெளிவான சோதனை! இக்கலங்களை ஆளும் ஃபாக்ஸ்பி3 பரம்பரையலகை மேரி பிரங்கோவும் பிரெட் ராம்ஸ்டெலும் 2001இல் இனங்கண்டார்கள். மூவருக்கும் 2025இல் நொபெல் பரிசு கிடைத்தது.

இனி வைத்தியம். இன்டர்லூக்கின்-2 என்ற மருந்தைப் புற்றுநோய்க்குப் பெரிய அளவில் கொடுத்து நிர்ப்பீடனத்தைத் தூண்டுவார்கள். அதையே மிகச் சிறிய அளவில் கொடுத்தால் விளைவு நேர்மாறு. சிடி25 அந்த மருந்தைப் பற்றும் ஏற்பியின் ஒரு பகுதி. ஆகவே அது நிறைந்த அடக்கும் கலங்களே முந்திக்கொண்டு அதைப் பற்றிப் பெருகுகின்றன. நோயாளிகளிலும் இப்படி நடப்பதை 2011இல் வெளிவந்த இரண்டு ஆய்வுகள் காட்டின. நோயாளியின் குருதியிலிருந்து இக்கலங்களைப் பிரித்து, ஆய்வுகூடத்தில் பெருக்கித் திரும்ப ஏற்றும் முறையும் பரிசோதனையில் உள்ளது. அதற்கு மிகச் சுத்தமான ஆய்வுகூடமும் பெருஞ்செலவும் வேண்டும். இக்கலங்கள் மிஞ்சினால் புற்றுக் கட்டிகளுக்கு அரணாகிவிடும் என்ற அச்சமும் உண்டு.

ஆகவே இந்தப் புதிய வைத்தியத்தை நம்பி இன்றைய மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். காலை விறைப்பு ஒரு மணிநேரத்துக்கு மேல் நீடித்து, மூட்டும் வீங்கியிருந்தால், எண்ணெய் தேய்த்து நாள் கடத்தாமல் அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள். அங்கே காசு கேட்கமாட்டார்கள். மெத்தோட்ரெக்சேட் எழுதித் தந்தால், மூட்டுவாதத்துக்கு அது கிழமைக்கு ஒரு நாள் மட்டும் எடுக்கும் மருந்து. தினமும் எடுத்தால் உயிருக்கே ஆபத்து.