தழும்பில் தங்கும் கரு

ஈஜிபுராவில் அறையெடுத்துத் தங்கி மருத்துவம் பயில்பவன் நான். "முதற்பிள்ளை சிசேரியன். அடுத்ததற்கு ஆபத்து உண்டா, தம்பி?" என்று இப்பகுதித் தமிழ்த் தாய்மார் என்னைக் கேட்பதுண்டு. 2019–21 ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நூறு பேறுகளில் தமிழ்நாட்டில் 44.9-உம் கருநாடகத்தில் 31.5-உம் அறுவை வழி நிகழ்ந்தவை. ஆகவே இது நம் ஒவ்வொருவர் வீட்டுக் கேள்வியுமாகும்.

பெரும்பாலோருக்கு அடுத்த பேறும் நலமாகவே முடிகிறது. ஆனால் அரிதாக, ஏறத்தாழ 2,000 கருவுறுதல்களில் ஒன்றில், புதிய கரு பழைய அறுவைத் தழும்பிலேயே வேர்விட்டுவிடுகிறது. மருத்துவ ஏட்டில் இது 1978-இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து முதன்முதலாகப் பதிவாயிற்று.

இதில் என்ன கேடு? கேடு இரத்தக் குழாய்களில் இருக்கிறது. கருப்பையின் தசைநார்கள் அக்குழாய்களைச் சுற்றிப் பின்னிக் கிடக்கின்றன. கரு வெளியேறியதும் அவை சுருங்கிக் குழாய்களை நெரிக்கின்றன, இரத்தம் நின்றுவிடுகிறது. தழும்போ வெறும் நார்த்திசு. அதற்குச் சுருங்கத் தெரியாது! அங்கே பற்றிய கருவைக் கண்மூடித்தனமாகச் சுரண்டினால், மடைதிறந்தாற்போல் இரத்தம் பாயும். சிலருக்குக் கரு நீங்கிய பின்னும், தமனியும் சிரையும் நேரே இணைந்து பின்னலாகி, வாரங்கள் கழித்துத் திடீரெனப் பெருக்கெடுக்கும். கரு வளர்ந்தாலோ தழும்பு கிழியலாம். நஞ்சு சிறுநீர்ப்பைவரை ஊடுருவலாம்.

இத்தனைக்கும் தொடக்கத்தில் பலருக்கு வலி இராது. சிறிது உதிரம் கசியும், அதுவும் இல்லாமலிருக்கலாம். சாதாரணக் கருச்சிதைவென்று எண்ணிக் கடையில் மாத்திரை வாங்குவதும், ஸ்கேன் பாராமல் 'கழுவிவிடுவதும்' இதனாலேயே பேராபத்தாகின்றன.

காக்க வழி உண்டா? உண்டு. ஆறேழு வாரத்திலேயே எடுக்கும் உட்புற ஸ்கேன் கரு தங்கிய இடத்தைக் காட்டும். வண்ண டாப்ளர் இரத்த ஓட்டத்தைக் காட்டும். பின்னர் மெத்தோட்ரெக்ஸேட் மருந்து, ஸ்கேன் பார்த்தபடி உறிஞ்சியெடுத்தல், தழும்போடு வெட்டி நீக்கித் தைத்தல் என முறைகள் பல உள. கருப்பைத் தமனிக்குள் மெல்லிய குழாய் செலுத்தி அடைத்து, இரத்தப்போக்கைத் தடுக்கவும் இயலும். காலத்தே கண்டால் உயிரைக் காக்கலாம். பெரும்பாலும் கருப்பையையும் காக்கலாம்.

ஈஜிபுராவுக்கு அண்மையிலேயே செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நமக்குத் தொலைவு தடையன்று, அறியாமையே தடை!

நண்பர்களே, இன்றிரவு வீட்டாரோடு பேசும்போது அக்காளிடமும் அண்ணியிடமும் இதைச் சொல்லுங்கள்: "நாள் தள்ளினால் உடனே மருத்துவரிடம் போங்கள். முன்பு சிசேரியன் என்பதை முதலிலேயே சொல்லுங்கள்." பெண்கள் சங்கதியென்று நாணி ஒதுங்குவது படித்தவர்க்கு அழகன்று.