கண்ணாடி அறை கட்டப் போகிறீர்களா?

"டாக்டர், அம்மாவுக்கு வைட்டமின் டி குறைச்சலாம். பின்பக்கம் சுத்திலும் கண்ணாடி போட்டு ஒரு ரூம் எடுக்கலாம்னு இருக்கோம். வெயிலும் படும், செடியும் வெச்சுக்கலாம்." அண்ணாமலை நகர் அன்பர் ஒருவர் பிளானோடு வந்தார்.

கொஞ்சம் பொறுங்கள். இந்தக் கண்ணாடிக் கூடம் ஐரோப்பியரின் யோசனை. குளிர்காலத்தில் ஆரஞ்சு மரம் பட்டுப்போகாமல் காக்கக் கட்டினார்கள். நம்ம ஊர்க் கொல்லையிலோ நாரத்தையும் எலுமிச்சையும் வெட்டவெளியிலேயே காய்க்கின்றன!

முக்கியமான சங்கதி இது. சாதாரண ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தை விடும். தோலில் வைட்டமின் டி உண்டாக்கும் புற ஊதா 'பி' கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும். அம்மா நாள் முழுக்க உள்ளே உட்கார்ந்தாலும் அந்தப் பலன் கிடைக்காது. உள்ளே புகுந்த வெப்பமோ எளிதில் வெளியேறாது. சித்திரை, வைகாசியில் அங்கே உட்கார்ந்தால் பித்தம் மிஞ்சும் என்பேன் நான். உடம்பில் நீர் வற்றி மயக்கம் வரும் என்பார் அலோபதி டாக்டர். எப்படிச் சொன்னாலும் விழப்போவது அம்மாதான்.

ஆசை விடவில்லையா? கண்ணாடியை வடக்குப் பக்கம் மட்டும் வையுங்கள். மேலே ஓடு போதும். எதிரெதிரே திறக்கிற ஜன்னலும், உச்சியில் சூடு வெளியேற வழியும் அவசியம். 2011 டிசம்பர் 30-ல் 'தானே' புயல் கடலூரைப் புரட்டிப்போட்டதே, மறக்கலாமா? 'டஃபன்ட்' கண்ணாடியாகவே போடுங்கள்.

பக்கத்தில் வானம் பார்த்த சின்ன முற்றம் ஒன்று விடச் சொன்னேன். காலை 10 மணிக்கு மேல் முகம், கை, காலில் வெயில் பட 15 நிமிடம் உட்காரட்டும். சூடு தாங்கவில்லையென்றால் உடனே எழுந்துவிட வேண்டும். குறைபாடு அதிகமென்றால் மருந்தும் தேவைப்படும்.

அன்பர் பிளானை மடித்தார். "முற்றமா டாக்டர்? பழைய வீட்டுல இருந்ததை நாங்கதான் ஷீட் போட்டு மூடினோம்!"