கரடியை நிறுத்துமா குண்டு?

நீங்கள் ஒரு நிலவியல் மாணவர் என்று வைத்துக்கொள்வோம். பாறை மாதிரிகள் சேகரிப்பதற்காக அலாஸ்காவுக்குப் போயிருக்கிறீர்கள். அங்கே சாலையும் இல்லை, ஊரும் இல்லை. ஒரு சிறிய விமானம் உங்களை ஏரிக்கரையில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. இனி பத்து நாள் கழித்துத்தான் அது திரும்பி வரும். ஆற்றோரமாக ஆளுயரப் புதர்களுக்கிடையே நடந்துகொண்டிருக்கிறீர்கள். முப்பது மீட்டருக்கு அப்பால் புதர் அசைகிறது. பார்த்தால் ஒரு பழுப்புக் கரடி, அதன் பின்னால் இரண்டு குட்டிகள்! தாய்க்கரடி உங்களைப் பார்த்துவிட்டது. காதுகளைப் பின்னுக்கு மடக்கிக்கொண்டு பாய்ந்து வருகிறது.

அலாஸ்காவில் சுமார் 30,000 பழுப்புக் கரடிகள் இருப்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். அந்தக் காடுகளுக்கு வேலையாகப் போகிற நிலவியலார், மீன்வள ஆய்வாளர், நில அளவையாளர் எல்லோருக்கும் பழைய கேள்வி ஒன்று உண்டு. "பாதுகாப்புக்கு எந்தத் துப்பாக்கியை எடுத்துச் செல்வது?" கடைக்காரரைக் கேட்டால் ஒரு பதில் சொல்வார், வேட்டைக்காரரைக் கேட்டால் வேறொரு பதில் சொல்வார். நாம் விஞ்ஞானத்தைக் கேட்டுப் பார்ப்போமே! நம் மலைகளிலும் தேன் கரடி உண்டு. ஆனால் அது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருக்கிறது. அங்கே துப்பாக்கிப் பேச்சுக்கே இடமில்லை. ஆகவே அலாஸ்காவிலேயே நிற்போம்.

சினிமாவில் குண்டு பட்டவன் பின்னால் பறந்துபோய் விழுவதைப் பார்த்திருப்பீர்கள். பெரிய குண்டாக இருந்தால் கரடியும் அப்படித் தூக்கி எறியப்படும் என்று பலர் நம்புகிறார்கள். உங்கள் இயற்பியல் பாடத்தில் உந்தம் என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? நிறையை வேகத்தால் பெருக்கினால் கிடைப்பது உந்தம். பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள், கணக்குப் போடுவோம்.

ஓடிவரும் பழுப்புக் கரடியின் வேகம் மணிக்குச் சுமார் 55 கி.மீ. அதாவது வினாடிக்கு 15 மீட்டர். கரடியின் எடையை 300 கிலோ என்று கொள்வோம். கடலோரத்தில் சால்மன் மீன் தின்று கொழுத்த ஆண் கரடிகள் இதைவிடப் பெரியவை. உந்தம் 300 × 15 = 4,500. இப்போது அலாஸ்காவில் பெயர் பெற்ற 375 மேக்னம் ரைபிளை எடுத்துக்கொள்வோம். அதன் குண்டு 19.4 கிராம், குழலைவிட்டு வினாடிக்குச் சுமார் 770 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. உந்தம் 0.0194 × 770, ஏறக்குறைய 15. நாலாயிரத்து ஐந்நூறுக்கு எதிரே பதினைந்து! குண்டு முழுவதும் உடலில் தங்கிவிட்டாலும் கரடியின் வேகம் 15 மீட்டரிலிருந்து 14.95 மீட்டராகத்தான் குறையும். கரடிக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

இன்னொரு ஒப்பீடும் சொல்கிறேன். வேகப்பந்து வீச்சாளர் மணிக்கு 144 கி.மீ. வேகத்தில் எறியும் 160 கிராம் கிரிக்கெட் பந்தின் உந்தம் 6.4. புகழ்பெற்ற 44 மேக்னம் ரிவால்வரின் குண்டுக்கு அது ஏறக்குறைய 6.7. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இது ஆச்சரியப்பட வேண்டிய விஷயமும் இல்லை. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி, குண்டு முன்னே போகும்போது சுடுபவரின் தோளும் குறைந்தது அதே உந்தத்தைப் பின்னோக்கி வாங்கிக்கொள்கிறது. ஒரு குண்டு 300 கிலோ கரடியைக் கவிழ்க்கக்கூடியதாக இருந்தால், 60 கிலோ மனிதர் என்ன ஆவார்!

அப்படியானால் குண்டு எப்படித்தான் கொல்கிறது? இங்கே உயிரியல் வருகிறது. குண்டு தள்ளுவதில்லை, துளைக்கிறது. அது எந்த உறுப்பைத் துளைக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மூளையையோ முதுகுத்தண்டையோ தாக்கினால் விலங்கு அந்த இடத்திலேயே விழும். தோள்பட்டை எலும்பு நொறுங்கினால் ஓட்டம் தடைப்படும். இதயத்தைத் துளைத்தால் இறப்பு நிச்சயம்தான்; ஆனால் உடனே அல்ல. இரத்த ஓட்டம் நின்ற பிறகும் மூளையில் மிஞ்சியிருக்கும் பிராணவாயு பத்துப் பதினைந்து வினாடிகளுக்குப் போதும். அந்த நேரத்தில் கரடி 150 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். நீங்களோ 30 மீட்டரில் நிற்கிறீர்கள். மூளையைக் குறிவைப்பதும் எளிதல்ல. முன்னாலிருந்து பார்க்கும்போது பெரிய நெற்றி போலத் தெரிவதில் பெரும்பங்கு, தாடையை இயக்கும் தடித்த தசைதான். மூளை அதற்குக் கீழே, பின்தள்ளி இருக்கிறது. அந்தத் தலையும் ஓட்டத்தில் மேலும் கீழும் குலுங்கிக்கொண்டே வருகிறது.

ஆகவே கரடிக்கு எதிராக ஒரு குண்டுக்கு வேண்டிய முதல் குணம் ஆழமாகத் துளைப்பது. அடர்ந்த மயிர், கொழுப்பு, தசை, கனத்த எலும்பு இவற்றையெல்லாம் தாண்டி உடையாமல் உள்ளே போகவேண்டும். மான் வேட்டைக்கான இலேசான குண்டு பட்டவுடன் நாய்க்குடைபோல் விரிந்து, சிலசமயம் துண்டுதுண்டாகச் சிதறிவிடும். மானுக்கு அது போதும். கரடியின் தோளில் அது மேற்புறக் காயத்தோடு நின்றுவிடலாம். அமெரிக்க வனத்துறை இதை முறையாகவே சோதித்தது. அலாஸ்காவில் வேலை செய்யும் தன் ஊழியர்களுக்காகப் பலவகைத் துப்பாக்கிகளைச் சுமார் 14 மீட்டர் தூரத்திலிருந்து சுட்டு, குண்டு எவ்வளவு ஆழம் போகிறது, எவ்வளவு விரிகிறது, எவ்வளவு எடையை இழக்காமல் வைத்திருக்கிறது என்று அளந்து 1983இல் அறிக்கை வெளியிட்டது. 458, 375, 338 போன்ற பெரிய ரைபிள்கள் முன்னணியில் நின்றன. இராணுவத்திலிருந்து வந்த பழைய 30-06 ரைபிளும், கனமான 14 கிராம் குண்டு போட்டபோது நல்ல பெயர் வாங்கியது. கைத்துப்பாக்கிகள் வெகுவாகப் பின்தங்கிவிட்டன.

நம் கிராமங்களிலும் அறியப்பட்ட 12 போர் துப்பாக்கியும் அலாஸ்காவில் உண்டு. அதில் பறவை சுடும் சின்ன ரவைகளைப் போட்டால் கரடிக்குக் கோபம் மட்டுமே வரும். ஒரே கட்டியான 28 கிராம் ஈயக் குண்டு போடவேண்டும். அது வினாடிக்கு 475 மீட்டர் வேகத்தில் சுமார் 3,200 ஜூல் இயக்க ஆற்றலோடு போகிறது. 44 ரிவால்வரின் குண்டுக்கு இருப்பது 1,450 ஜூல் அளவுதான். ½ × நிறை × வேகம் × வேகம் என்ற சூத்திரத்தில் போட்டு நீங்களே சரிபார்க்கலாம்.

இதுவரை படித்தவர்கள், "சரி, பெரிய ரைபிள்தான் விடை" என்று முடிவு கட்டியிருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். நாம் இன்னும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

கரடி 30 மீட்டரைக் கடக்க இரண்டே வினாடி. இப்போது ஒரு சோதனை செய்யுங்கள். குடையை ரைபிள்போலத் தோளில் மாட்டிக்கொண்டு, பையில் புத்தகங்களோடு வீட்டு வாசலில் நடந்து போங்கள். நண்பர் ஒருவர் எதிர்பாராத நேரத்தில் கை தட்டட்டும். குடையைத் தோளிலிருந்து கழற்றி, அதன் பட்டனை அவிழ்த்து, இரு கைகளாலும் பிடித்து, சுவரில் வரைந்த ஒரு தேங்காயளவு வட்டத்தை நோக்கி நீட்ட எத்தனை வினாடி ஆகிறது? உங்களில் பெரும்பாலோர் இரண்டு வினாடியைத் தாண்டிவிடுவீர்கள். நிஜத் துப்பாக்கியில் தோட்டாவை அறைக்குள் தள்ளவேண்டும், பாதுகாப்புத் தாழை விடுவிக்கவேண்டும். அதோடு நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும்.

அலாஸ்காவில் 1883 முதல் 2009 வரை கரடிக்கு எதிராகத் துப்பாக்கி இருந்த 269 சம்பவங்களை டாம் ஸ்மித், ஸ்டீபன் ஹெரேரோ முதலிய ஆய்வாளர்கள் திரட்டி 2012இல் வெளியிட்டார்கள். கைத்துப்பாக்கி 100க்கு 84 தடவையும், நீண்ட துப்பாக்கிகள் 76 தடவையும் கரடியைத் தடுத்திருந்தன. 1983 அறிக்கையில் பின்தங்கிய கைத்துப்பாக்கி இங்கே குறைந்துபோகவில்லை, பார்த்தீர்களா? அது இடுப்பிலேயே இருக்கிறது. ரைபிளோ பலநேரம் மரத்தில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. துப்பாக்கி பயன்படாமல் போனதற்கு அவர்கள் கண்ட காரணங்களில் முதலாவது, குண்டு சிறியது என்பதல்ல. நேரம் போதவில்லை என்பதுதான். தோட்டா சிக்கிக்கொண்டது, பாதுகாப்புத் தாழ் திறக்கவில்லை, சுட்டவர் தடுக்கி விழுந்தார் என்றெல்லாம் பட்டியல் நீள்கிறது. துப்பாக்கியைப் பயன்படுத்தியவர்களுக்கும், வைத்திருந்தும் பயன்படுத்தாதவர்களுக்கும் காயமடைந்த விகிதத்தில் வேறுபாடு காணப்படவில்லை என்பது அவர்களையே வியக்கவைத்த முடிவு.

இப்படியொரு கோளாறு எவ்வளவு கொடியது என்பதை, வட துருவத்துக்கு அருகே நார்வே நாட்டைச் சேர்ந்த ஸ்வால்பார்ட் தீவில் 2011 ஆகஸ்டில் நடந்த ஒன்று காட்டுகிறது. இங்கிலாந்திலிருந்து பயணம் வந்த மாணவர் குழு ஒன்று பனியாற்றின் அருகே கூடாரமிட்டிருந்தது. கூடாரங்களைச் சுற்றிக் கம்பி கட்டி, அதில் இடறினால் வெடிக்கும் எச்சரிக்கை வெடிகளை வைத்திருந்தார்கள். பனிக்கரடி வந்தபோது வெடி வெடிக்கவில்லை. குழுத் தலைவர் ரைபிளை எடுத்துச் சுட முயன்றார். தோட்டாக்கள் வெடிக்காமலே வெளியே விழுந்தன. கீழே கிடந்த தோட்டாவை எடுத்து மீண்டும் போட்டுச் சுட்ட பிறகே கரடி விழுந்தது. அதற்குள் பதினேழு வயது மாணவர் ஒருவர் இறந்துவிட்டார். வேறு சிலர் படுகாயமடைந்தனர். அந்த ரைபிள் கரடியைக் கொல்லப் போதுமான வலுவுள்ளதுதான். குறை இருந்தது வலுவில் அல்ல.

இரண்டு வினாடிக்குள், குறிபார்க்காமல் பயன்படுத்தக்கூடிய ஏதாவது உண்டா? உண்டு. அது நம் சமையலறையில் இருக்கிறது! மிளகாயின் காரத்துக்குக் காரணமான காப்சைசின் என்ற பொருளை எண்ணெய் வடிவில் எடுத்து, அழுத்தத்தோடு டப்பாவில் அடைத்து, கரடியின் முகத்தை நோக்கிப் பீய்ச்சும் தெளிப்பானை 1980களில் அமெரிக்காவின் மாண்டானா மாநிலத்தில் உருவாக்கினார்கள். பாலூட்டிகளின் நரம்பு நுனிகளில் வெப்பத்தை உணரும் ஒரு புரதம் இருக்கிறது. காப்சைசின் அதைத் திறந்துவிட, "எரிகிறது, எரிகிறது" என்று மூளைக்குச் செய்தி போகிறது. இந்தப் புரதத்தைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பறவைகளின் புரதம் காப்சைசினைக் கண்டுகொள்வதில்லை. அதனால்தான் கிளி மிளகாய்ப் பழத்தை ரசித்துத் தின்கிறது. கரடியால் அது முடியாது. கண்ணும் மூக்கும் எரிந்து, மூச்சுத் திணறி, கரடி திரும்பி ஓடுகிறது.

தெளிப்பானிலிருந்து வருவது ஒரு புள்ளி அல்ல, மேகம். ஏழெட்டு மீட்டர் நீளத்துக்கு உங்களுக்கும் கரடிக்கும் நடுவே ஒரு திரையைப் போட்டுவிடுகிறது. அதே ஸ்மித், ஹெரேரோ குழு 1985 முதல் 2006 வரை நடந்த 83 சம்பவங்களை ஆராய்ந்து 2008இல் எழுதியபடி, பழுப்புக் கரடிகளிடம் 100க்கு 92 தடவை அது பலித்தது. தெளிப்பான் வைத்திருந்தவர்களில் 98 சதவிகிதம் பேருக்குக் காயமே இல்லை.

92 பெரிதா, 76 பெரிதா என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். இரண்டு ஆய்வுகளிலும் வந்த கரடிகள் ஒரே மனநிலையில் வந்தவையல்ல. தெளிப்பான் சம்பவங்களில் வேடிக்கை பார்க்க வந்த கரடிகளும், உணவு தேடி வந்தவையும் நிறைய உண்டு. துப்பாக்கி சம்பவங்களில் சீறிப் பாய்ந்தவை அதிகம். இரண்டு வகுப்புகள் வெவ்வேறு வினாத்தாள் எழுதினால் மதிப்பெண்ணை ஒப்பிட முடியுமா? தெளிப்பானுக்குச் சங்கடங்களும் இருக்கின்றன. எதிர்க்காற்றில் அது உங்கள் முகத்துக்கே திரும்பும்; கடுங்குளிரில் டப்பாவின் அழுத்தம் குறையும். கொசு மருந்துபோலக் கூடாரத்தின்மேல் முன்கூட்டியே அடித்துவைத்தவர்களும் உண்டு. அதில் ஒரு வேடிக்கை: தரையில் காய்ந்த அந்த மிளகாய் எண்ணெயின் வாசனை கரடிகளுக்குப் பிடித்துப்போய், தேடிவந்து அதில் புரண்டதை ஸ்மித் 1998இல் பதிவு செய்திருக்கிறார்!

அலாஸ்காவில் அனுபவப்பட்டவர்கள் முதலில் செய்வது துப்பாக்கி வாங்குவதல்ல. புதருக்குள் நடக்கும்போது உரக்கப் பேசுவார்கள், கை தட்டுவார்கள். கரடி திடுக்கிடாமல் விலகிப் போகும். தனியே போகமாட்டார்கள். உணவைக் கூடாரத்திலிருந்து தள்ளி, கரடியால் திறக்க முடியாத பெட்டியில் வைப்பார்கள். முகாமைச் சுற்றி மின்கலத்தில் இயங்கும் மின்வேலி போடுவார்கள். கரடி எதிரே நின்றால் ஓடமாட்டார்கள். பாய்ந்து வரும் கரடிகளில் பல, சில மீட்டருக்கு முன்பே நின்று திரும்பிவிடும் பொய்ப் பாய்ச்சல்காரர்கள்.

இதற்கெல்லாம் மேலே, குழுவில் ஒவ்வொருவரின் இடுப்பிலும் தெளிப்பான். நன்கு பயிற்சி பெற்ற ஒருவரிடம் மட்டும் 375 அல்லது 30-06 ரைபிளோ, கட்டிக்குண்டு போட்ட 12 போரோ இருக்கும். பனிக்கரடிகள் உலவும் ஸ்வால்பார்டில், லாங்யர்பியன் ஊரிலுள்ள பல்கலைக்கழக மையத்துக்குப் படிக்க வருகிறவர்கள் களப்பணிக்குப் போகுமுன் பாதுகாப்புப் பயிற்சி பெறவேண்டும். ரைபிளைக் கையாளுவதும் அதில் ஒரு பாடம். கரடியைக் கண்டால் முதலில் பின்வாங்குவது, பிறகு வெடிச் சத்தத்தால் விரட்டுவது, வேறு வழியே இல்லையென்றால்தான் சுடுவது என்பது அங்கே வரிசை. சுடும் பயிற்சி என்றால் குறியைத் துளைத்துவிட்டால் போதாது. தோட்டாவை நிரப்புவது, வெளியே எடுப்பது, பாதுகாப்புத் தாழைத் திறப்பது, மூடுவது ஆகியவற்றைக் கை தானாகவே செய்யும்வரை பழகவேண்டும்.